ஏழு நாற்பது வண்டியில் சொன்ன நாவல்

ஷோபனாவுக்கு ஒரு நாவல் பிடித்துவிட்டால் "பரவால்ல" என்று ஒரு வார்த்தையோடு விட்டுவிடுவாள். பிடிக்காமல் போனால்தான் வம்பு. பட்டாபிராமில் ஏழு நாற்பது வண்டி ஏறியதிலிருந்து பட்டரவாக்கத்தில் இறங்கும்வரை அந்த நாவலையும் அதை எழுதியவரையும் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். லேடீஸ் பெட்டியில் அதைக் கேட்க எட்டுப் பேர் இருந்தார்கள். பூ கட்டுகிறவள் கட்டிக்கொண்டே கேட்பாள், கீரை ஆய்கிறவள் ஆய்ந்துகொண்டே கேட்பாள். முந்தின நாள் சாயங்காலம் எத்தனை பக்கம் படித்தாளோ அத்தனையையும் மறுநாள் காலையில் சொல்லியாக வேண்டும். மிச்சம் நாளைக்கு. ஆறு வருஷமாக இதுதான் வழக்கம்.

பெரிய படிப்பாளி என்று அவளைச் சொல்லிவிட முடியாது. பத்தாவதோடு நின்றவள். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஸ்பிரிங் அளவு பார்க்கிற கேஜுக்குள் போனால் பாஸ், போகாவிட்டால் ரிஜெக்ட், நடுவில் ஒன்றும் கிடையாது. நாவலையும் அவள் அப்படித்தான் பார்த்தாள்.

"போன மாசம் ஒண்ணு படிச்சேனே, எழுத்தாளரு ஒருத்தரு ஜன்னலாண்ட உக்காந்துகினு மூணு பொம்பளைங்களை நெனச்சிக்கினே இருப்பாரு. எரநூத்தி இருபது பக்கம். காபி குடிச்ச டம்ளரை அந்தாளு ஒரு தபா கூட கழுவல. யாரு கழுவினாங்கன்னும் எழுதல. அப்புறம் இன்னா மனசாட்சி, மண்ணாங்கட்டி?"

அடுத்து ஒரு ராஜா கதை. "குதிரை அறுபது பக்கம் ஓடுது. அதுக்குத் தண்ணி காட்டணும்னு ஒருத்தனுக்கும் தோணல."

"அது கதைடி" என்றாள் பஞ்சவர்ணம். பெரம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவள். பெட்டியில் மூத்தவள் அவள்தான்.

"கதையில கீற குதிரைக்குத் தாகம் எடுக்காதா?"

பெட்டி சிரித்தது. எல்லாரையும்விட ராணிதான் சத்தமாகச் சிரித்தாள். ராணி எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெஷின் தைப்பவள். ஷோபனாவோடு பட்டாபிராமில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, கம்பெனி கேட் வரை பேசிக்கொண்டே கூட நடப்பவள். அவள் புருஷன் ஒன்பது வருஷமாக மஸ்கட்டில் இருந்தான். ஒவ்வொரு தீபாவளிக்கும் சேலையும் சென்ட்டும் அனுப்புவான். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, சென்ட் பாட்டிலை எடுத்து, பெட்டியில் ஒருத்தி விடாமல் மணிக்கட்டில் அடித்துவிடுவது ராணியின் வழக்கம். அன்று முழுக்கப் பெட்டி மஸ்கட் வாசனையாக இருக்கும்.

ஷோபனாவுக்கு நாவல்களில் சகிக்கவே முடியாத விஷயம் ஒன்று உண்டு. அது கதாநாயகியின் சாவு. சமீபத்தில் வரிசையாக மூன்று படித்தாள். ஒன்றில் கிணறு, ஒன்றில் மண்ணெண்ணெய், ஒன்றில் காசநோய். மூன்றாவதைப் படித்து முடித்த மறுநாள் அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"கஷ்டப்பட்ட பொம்பளையை அடுத்தாப்புல இன்னா செய்யறதுன்னு தெரியல, உடனே கொன்னுடறது. கொன்னுட்டு கைய தொடச்சிக்கினு போயிடறது. நம்ம பெட்டியில யாருக்குக் கஷ்டமில்ல? நாம செத்தா போயிட்டோம்? டிபன் பாக்ஸ் தூக்கிக்கினு வந்துகினுதானே கீறோம்?"

அன்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஸ்வாதி டீச்சர் இதையெல்லாம் ரசித்துக் கேட்டாள். ஆவடியில் ஏறி வில்லிவாக்கத்தில் இறங்குகிற பெண், கல்லூரியில் தமிழ் நடத்துபவள். அப்பா ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்தவர், குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டாள். அந்த வாரக் கடைசியில் ஒரு புத்தகத்தை ஷோபனாவின் கையில் வைத்தாள். அட்டையில் எழுதியவர் பெயர் 'அமுதினி' என்று இருந்தது.

"தெரிஞ்சவங்க எழுதினதுக்கா. முதல் நாவல். நீங்க வழக்கமா சொல்ற மாதிரியே சொல்லணும், தாட்சண்யமே வேண்டாம்."

"எனக்கா தாட்சண்யம்?" என்று ஷோபனா புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டாள்.

முன்னுரை, சமர்ப்பணம் இதெல்லாம் படிக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. நேரே கதைக்குப் போய்விடுவாள். அதற்காகப் பின்னால் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல அவளுக்கு இருந்தது.

திங்கட்கிழமை முதல் அத்தியாயங்களைச் சொன்னாள். சுமதி என்று ஒருத்தி. புருஷன் எலெக்ட்ரீஷியன். அக்கா வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பியவன் காஞ்சிபுரத்தில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். பெட்டி 'ச்சு' கொட்டியது. ராணி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை சுமதி ஊரை ஏமாற்ற ஆரம்பித்தாள். புருஷன் வெளிநாடு போயிருக்கிறான் என்று சொல்லிவிட்டாள்.

"இது ரம்பம் ஷோபா, வேற கதை சொல்லேன்" என்றாள் ராணி.

"இரு, நல்லாத்தான் போவுது. இவ எங்க மாட்டறான்னு பார்க்கலாம்."

"அந்தப் பொய் சொல்ற இடம் எப்படி இருந்துச்சுக்கா?" என்று ஸ்வாதி ஜன்னலோரத்திலிருந்து கேட்டாள். நல்லா எழுதியிருக்கு என்று ஷோபனா சொன்னதும் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

புதன்கிழமை வண்டி ஆவடி தாண்டியபோது ஷோபனா நல்ல வேகத்தில் இருந்தாள்.

"கேளுங்க கூத்தை. தீபாவளிக்குத் தீபாவளி இவளே கடையில சேலை வாங்கி, இவளே கட்டிக்கினு, புருஷன் அனுப்பினான்னு காட்டறா. அதுகூட போவட்டும். ஒரு சென்ட்டு பாட்டிலு. பக்கத்து ஊட்டுல வெளிநாட்டுலேந்து வந்தவன் தூக்கிப் போட்ட காலி பாட்டிலு. அதுல மார்க்கெட் சென்ட்டை ரொப்பிக்கினு போயி வேலை செய்யற இடத்துல எல்லார் கையிலயும் அடிச்சி உடறா! இப்பிடி ஒரு பைத்தியக்காரி உலகத்துல இருப்பாளா? நான் நம்பமாட்டேன். எழுதறதுக்கும் ஒரு அளவு வாணாம்?"

யாரும் சிரிக்கவில்லை. பூ கட்டிக்கொண்டிருந்த பஞ்சவர்ணத்தின் கை நின்றது.

"இன்னா கலரு பாட்டிலு?" என்றாள் பஞ்சவர்ணம் மெதுவாக.

"நீலம். தங்கக் கலரு மூடி..." என்று சொல்லிவிட்டுத்தான் ஷோபனாவுக்குத் தன் குரல் தன் காதில் விழுந்தது.

எல்லாரும் ராணியின் கைப்பையைப் பார்த்தார்கள். பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் பார்த்தார்கள். ராணி பையை மடியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வண்டி அன்னனூரில் நின்றது. அவள் இறங்க வேண்டிய இடத்துக்கு இன்னும் மூன்று ஸ்டேஷன் இருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

வியாழக்கிழமை ராணி வரவில்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் ஷோபனா அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் உட்கார்ந்து மீதி நாவலைப் படித்து முடித்தாள். கடைசி அத்தியாயத்தில் சுமதியின் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. புதுச் சேலை கட்டிக்கொண்டு, சென்ட் அடித்துக்கொண்டு, இந்து காலேஜ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தண்டவாளத்தில் போய் நிற்கிறாள். வண்டி வருகிறது. அதோடு கதை முடிந்தது. பின்னட்டையில் 'நெஞ்சை உலுக்கும் முடிவு' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

 ஷோபனா புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினாள். 'மழையில் நின்றுபோன ரயிலில் தன் வாழ்வை என்னிடம் தந்த தோழிக்கு' என்று சமர்ப்பணம் இருந்தது.

போன ஐப்பசி மழையில் தண்டவாளத்தில் தண்ணீர் நின்று வண்டி மூன்று மணி நேரம் நகராமல் நின்றது. ஷோபனா அன்று லீவு. பெட்டியில் ராணியும் ஸ்வாதியும்தான் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். மறுநாள் ராணி, "அந்த டீச்சர் பொண்ணு தங்கமான பொண்ணு, எது வேணாலும் மனசு உட்டுப் பேசலாம்" என்று சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது. ஆறு வருஷமாகக் கூட நடந்த தன்னிடம் சொல்லாததை ராணி அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள். அந்த வலி ஒரு பக்கம் இருந்தாலும், அந்தப் பெண் செய்த வேலையை நினைக்க நினைக்க ஷோபனாவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

உடனே செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருந்த ராணி வீட்டுக்குப் போனாள். ராணி கதவைப் பாதி திறந்து நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அந்த டீச்சர்தான்டி வேற பேருல எழுதியிருக்கா. நாளைக்கு அவளை நான்..."

"எழுதினது அவதான். எனக்குத் திங்கக்கெழமையே தெரிஞ்சிபோச்சு" என்றாள் ராணி. "ஆனா அவ புக்கை நம்ம பெட்டியில யாரு ஷோபா படிக்கப் போறாங்க? படிச்சது நீ. சொன்னது நீ. வேற கதை சொல்லுன்னு கேட்டேன், அப்பவும் உட்டியா?"

"எனக்குத் தெரியாதுடி. தெரிஞ்சா சொல்வேனா?"

"தெரியாமதான் பைத்தியக்காரின்னே. உன் மனசுல கீறது அதான."

கதவு சாத்தப்பட்டது. ஷோபனா வீட்டுக்குத் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை ஸ்வாதி ஆவடியில் ஏறியதும் ஷோபனா எழுந்து அவள் முன்னால் போய் நின்றாள். புத்தகத்தை அவள் மடியில் போட்டாள்.

"தாட்சண்யம் வாணாம்னியே, கேட்டுக்கோ. மூணு நாளா நீ எழுதினதை என் வாயால சொல்ல வெச்சி, ஜன்னலாண்ட உக்காந்து ரசிச்சிக்கினு வந்தே. ராணியும் எதிர்ல உக்காந்துகினு இருந்தா. உன் மனசை ஒண்ணும் பண்ணலியா?"

ஸ்வாதியின் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, இது புனைவு. பேரு, ஊரு எல்லாம் மாத்திட்டேன். அவங்க தன்னை அடையாளம் கண்டுக்குவாங்கன்னு நான் நினைக்கல. அவங்க வலியை நான் மரியாதையோடதான் எழுதியிருக்கேன்."

"பேரை மாத்தினே. பாட்டிலை மாத்தினியா?"

"அந்த பாட்டில்தான்க்கா கதையே."

"அது உனக்குக் கதை. அவளுக்கு அது ஒம்பது வருஷம்!" ஷோபனா புத்தகத்தை விரலால் குத்திக் காட்டினாள். "அதைத் திருடினே, சரி. ஏன் கொன்னே? அவ உன்னாண்ட சொல்லிட்டு மறுநாளு வேலைக்கு வந்தா. அதுக்கு மறுநாளும் வந்தா. கேட்டியே, பார்த்தியே. அப்புறம் எதுக்கு அவளைக் கொண்டுபோயி தண்டவாளத்துல நிறுத்தினே?"

"நாவல் அந்த முடிவைத்தான் கேட்டுச்சு."

"நாவல் கேட்டுச்சா? உன்னாண்ட வந்து வாயத் தொறந்து கேட்டுச்சா?"

 ஸ்வாதி தலைகுனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டாள். "நான் செஞ்சது தப்புதான்க்கா. ஆனா அவங்களைப் பைத்தியக்காரின்னு நான் எங்கயும் எழுதல."

ஷோபனா தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அம்பத்தூரில் ஸ்வாதி இறங்கி வேறு பெட்டிக்கு மாறிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் அந்தப் பெட்டியில் ஏறவேயில்லை.

அடுத்த திங்கட்கிழமை ராணி வந்தாள். தீபாவளிக்கு இன்னும் நாள் கிடந்தது. ஆனாலும் போன தீபாவளிச் சேலையைக் கட்டியிருந்தாள். வழக்கமான இடத்தில் ஷோபனாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.  கீரை ஆய்கிறவள் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி கிளம்பியதும் ராணி கேட்டாள். "முடிவு இன்னா?"

ஷோபனா குனிந்து பையின் ஜிப்பை இழுத்தாள்.

"உன்னைத்தான் ஷோபா. கதையைப் பாதியில உட்டுட்டியே. நான் இன்னா ஆனேன்?"

"செத்துட்டே" என்றாள் ஷோபனா.

"எங்க?"

"இந்து காலேஜாண்ட. தண்டவாளத்துல."

அந்த நேரத்தில் வண்டி இந்து காலேஜ் ஸ்டேஷனுக்குள்தான் நுழைந்துகொண்டிருந்தது. ராணி ஜன்னல் வழியாகப் பிளாட்பாரத்தை எட்டிப் பார்த்தாள்.

"எட்டரைக்கு பஞ்ச் வெக்கணும். லேட்டானா அரை நாளு போச்சு. சாவறதுக்கு எங்க நேரம் கீது?" என்றாள். பஞ்சவர்ணத்துக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது, அதோடு சேர்ந்து கண்ணீரும் வந்தது.

ராணி பையைத் திறந்து நீல பாட்டிலை எடுத்தாள். தன் கழுத்தில் ஒரு தடவை அடித்துக்கொண்டாள். "ஆவடி மார்க்கெட்ல வாங்கினது" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "மல்லி வாசனை. யாருக்கு வேணும்?"

முதலில் பஞ்சவர்ணம் கையை நீட்டினாள். பிறகு கீரை ஆய்கிறவள் நீட்டினாள். ராணி எழுந்து ஒவ்வொருத்தியிடமும் போய் மணிக்கட்டில் அடித்துவிட்டாள். ஒருத்தியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெட்டி முழுக்க மல்லி வாசனை ஏறியது. கடைசியில் ஷோபனாவும் கையை நீட்டினாள்.

ராணி அந்தக் கையைப் பார்த்தாள். பாட்டிலுக்கு மூடி போட்டாள்.

"உனக்கு வாணாம் ஷோபா" என்றாள். "இப்பிடி ஒருத்தி இருப்பான்னு நீதான் நம்பமாட்டியே."

பட்டரவாக்கத்தில் இருவரும் இறங்கினார்கள். ராணி முன்னால் வேகமாக நடந்தாள். ஷோபனா பத்தடி பின்னால், அந்த வாசனைக்குள்ளேயே, கம்பெனி கேட் வரை நடந்தாள்.