டேப் போடாத கேமரா

அக்காவின் தேர்வு விதிகளில் முதலாவது, காணொளியில் எங்கும் வெட்டு இருக்கக் கூடாது என்பது. இரண்டாவது, மூன்றாவது எல்லாம் இருந்தன. எங்கள் வீட்டில் யாரும் முதல் விதியைத் தாண்டியதில்லை.

சைகைமொழி மொழிபெயர்ப்பாளர் சான்றிதழுக்கு அவள் தேர்வு எழுதுகிறாள். எழுதுகிறாள் என்பது பேச்சுக்கு. முன்பின் கேட்டிராத ஓர் உரையை ஒலிபெருக்கியில் ஓடவிடுவார்கள். ஒன்றரை மணி நேரம் அவள் அதைக் கையாலேயே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். படம் எடுத்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. அப்பாவுக்குக் காது கேட்காது. எங்கள் வீட்டில் சண்டைகூடக் கையால்தான் நடக்கும், அடிதடி இல்லாமல். ஆகவே அக்காவின் திறமையில் குறை இல்லை. குறை டேப்பில் இருந்தது. ஒரு டேப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்காது.

போன வருடம் பாதியில் மாமா டேப் மாற்றினார். அம்மாவின் தம்பி, தொழில் முறையில் வீடியோ எடுப்பவர். “கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள மாத்திட்டேன்” என்றார். தேர்வுக் குழு கண்ணை மூடவில்லை. தூக்கிப் போட்டுவிட்டார்கள். இரண்டு முறைதான் வாய்ப்பு, இது இரண்டாவது. ஆஸ்பத்திரியில் அந்த வேலைக்கு ஒரு நாற்காலி, சான்றிதழோடு வா என்று அவளுக்காகக் காத்திருந்தது. இதுவும் போனால் நாற்காலியில் வேறு யாராவது உட்காருவார்கள்.

இந்த முறை யோசனை என்னுடையது. மாமாவின் அதே கேமரா. ஆனால் டேப் போடாமல், வயர் வழியாகப் படம் நேராகக் கணினிக்கு, அங்கிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு.

“டேப் இல்லாத கேமரா வெறும் டப்பா மாப்ளே.”

“அந்த டப்பா போதும் மாமா. டேப் இருந்தாத்தான் வம்பு. உள்ள டேப் இருந்து, அது ஓடாம சும்மா நின்னுச்சுன்னா அஞ்சு நிமிஷத்துல கேமரா தானா அணைஞ்சிடும். டேப்பே இல்லேன்னா அணையாது.”

“அதெல்லாம் புரியுது, புரியுது.”

மாமா ஒரு தடவை புரியுது என்றால் பாதி புரிந்திருக்கும். இரண்டு தடவை சொன்னதை நான் கவனித்திருக்க வேண்டும்.

தேர்வு மேற்பார்வைக்கு எங்கள் வீட்டுக்கு வந்த அம்மாள் முத்திரை குத்திய முகத்தோடு இருந்தார். “ஆரம்பிச்சா யாரும் வாயத் திறக்கக் கூடாது. கையில பேப்பர், பேனா கூடாது” என்றவர், என் விரல்களைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்: “சைகையும் கூடாது தம்பி. எனக்கும் தெரியும்.”

அக்காவுக்குத் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போய் வந்தேன். மின்விசிறியை நிறுத்தினோம். மாமா கேமரா பக்கம் நின்றார், நான் கணினி முன் அமர்ந்தேன். உரை தொடங்கியது. தலைப்பு: கொதிகலன் பராமரிப்பு.

அக்காவின் கைகளில் நீராவி எழுந்தது. வால்வு திறந்தது, மூடியது. அழுத்தம் ஏறியபோது அவள் தோள்களும் ஏறின. நான் ஹார்ட் டிஸ்க்கின் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சிமிட்டிக்கொண்டிருக்கும் வரை படம் போய்ச் சேர்கிறது என்று அர்த்தம். முக்கால் மணி நேரம் தாண்டியும் சிமிட்டியது.

ஒரு மணி நேரம் ஆகப்போகும்போது மாமா என் தோளைத் தொட்டார். முகமெல்லாம் பெருமை. கேமராவின் சின்னத் திரையைச் சுட்டினார். அங்கே சிவப்புப் புள்ளி. பக்கத்தில் மீதி டேப் எவ்வளவு என்ற எண், மினுக் மினுக்கென்று.

நான் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் டேப் போட்டு ஓடவிட்டிருக்கிறார். காப்புக்காக. என் டிஸ்க் கவிழ்த்துவிட்டாலும் முதல் ஒரு மணி நேரமாவது கையில் இருக்கட்டும் என்று.

டேப்பில் மீதி ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். அது தீர்ந்தால் ஓட்டம் நிற்கும். நின்ற ஐந்தாவது நிமிடம் கேமரா அணையும். உரையோ இன்னும் அரை மணி நேரம் இருந்தது. டேப்பை வெளியே எடுக்கவும் வழியில்லை. இந்தக் கேமராவுக்கு டேப் வாசல் அடிவயிற்றில். அடிவயிறு ஸ்டாண்டில் திருகப்பட்டிருந்தது.

ஒரே வழிதான். மிச்சத்தைச் சேமிக்க வேண்டும். ஓட்டத்தை இப்போதே நிறுத்தி, அணையப்போகும் முன்பு ஒரு வாய் மட்டும் ஓடவிட்டு, மறுபடி நிறுத்தி, இப்படியே சொட்டுச் சொட்டாக இழுக்க வேண்டும். இதை மாமாவுக்கு எப்படிச் சொல்ல? பேச முடியாது. எழுத முடியாது. கணினியில் தட்டலாம் என்றால் அந்தக் கிழட்டுக் கணினி, வேறு ஒரு சன்னலைத் திறந்தாலே படத்தைத் தவறவிடும்.

நானே எழுந்து சிவப்புப் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். நடுவில் நிறுத்துவது அவர் தொழிலில் கொலைக்கு அடுத்த பாவம். நான் இழுக்கவில்லை, இழுத்தால் ஸ்டாண்ட் ஆடும். அவர் விடவில்லை. கொதிகலனில் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. மேற்பார்வை அம்மாள் தலையைத் திருப்பி எங்கள் இருவரையும் பார்த்தார். நான் மாமாவின் கண்ணைப் பார்த்தேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

பிடி தளர்ந்தது. அழுத்தினேன். சிவப்புப் புள்ளி போனது. மாமாவின் முகத்தில் சாவு விழுந்தது.

கணினியை மெல்ல அவர் பக்கம் திருப்பினேன். அதில் அக்கா அசைந்துகொண்டிருந்தாள். மாமா திரையைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், வாயைத் திறந்து மூடினார். சுவர்க் கடிகாரத்தைக் கண்ணால் காட்டினேன். நான்கு நிமிடம் கழித்துப் பொத்தானை அழுத்தினேன், மூச்சு விடும் நேரம் ஓடியது, மறுபடி அழுத்தினேன். மூன்றாவது முறை என் விரலைத் தள்ளிவிட்டு மாமாவே அழுத்தினார். இப்போது புரிந்துவிட்டது. ஒரு தடவைகூடச் சொல்லாமலே.

“இறுதியாக,” என்றது ஒலிபெருக்கி.

நாங்கள் மூச்சை விட்டோம். ஆனால் பேச்சாளர் இறுதியாகத் துருவைப் பற்றிச் சொன்னார். துரு முடிந்ததும் மறுபடி “இறுதியாக” என்று தண்ணீரின் கடினத்தன்மைக்குள் இறங்கினார். மாமா அழுத்தினார். எண் பூஜ்யத்தில் நின்றது. டேப் தீர்ந்தது. இனிப் பொத்தானால் பயனில்லை.

அக்காவின் கழுத்தில் வியர்வை வழிந்தது. அவளால் எங்களைப் பார்க்க முடியாது. கண் கேமராவை விட்டு நகரக் கூடாது. என் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. ஒரு நிமிடம் போனது. இரண்டாவதும். கடினத்தன்மைக்கு வகைகள் இருந்தன. மாமா கும்பிட்டுக்கொண்டு நின்றார், கேமராவையா பேச்சாளரையா என்று தெரியவில்லை. மூன்றாவது போனது. நான்காவதில் பேச்சாளர் இருமினார். இருமலையும் அக்கா கையால் சொன்னாள். பிறகு அவர் நன்றி என்றார்.

அக்கா கைகளைத் தாழ்த்தினாள். மேற்பார்வை அம்மாள் அவசரப்படாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்து, தொண்டையைச் செருமி, “போதும்மா” என்றார்.

நான் கணினியில் நிறுத்தினேன்.

“வந்துச்சாடா?” அக்காவின் குரல் வறண்டிருந்தது.

“வந்துச்சு.”

“சத்தியமா?”

“பாத்துக்கோயேன்.”

கடைசிப் பகுதியை வேகமாக ஓடவிட்டேன். அம்மாள் குனிந்து பார்த்தார். துரு, தண்ணீர், இருமல், தாழும் கைகள். அங்கங்கே படம் ஒரு நடுக்கம் நடுங்கியது, ஓரிடத்திலும் அறுபடவில்லை.

“இந்த ஆட்டம் என்ன?” என்றார்.

“பொத்தான் அழுத்தினது மேடம். வெட்டு இல்ல.”

“ஆட்டத்துக்கு விதி இல்ல” என்று தன் பையை மூடினார்.

அப்போது பின்னால் டக் என்றது. கேமரா தானாக அணைந்தது. நான்கு பேரும் துள்ளித் திரும்பினோம். அக்கா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடைசியில் மாமாவைப் பார்த்தாள்.

“மாமா. உள்ள டேப் இருக்கா?”

மாமா ஸ்டாண்டின் திருகைக் கழற்றத் தொடங்கினார்.