கெட்டிப் பால்

தாய்ப்பூனை வண்டியில் அடிபட்டுச் செத்தபின், மூன்று குட்டிகளையும் செண்பகம்தான் எடுத்து வளர்த்தாள். தி.நகரில் அவளும் கணவன் ஜவஹரும் நடத்தும் பிளவுஸ் துணிக்கடையில், லைனிங் கட்டுகளுக்குப் பின்னால் கண் திறக்காமல் கிடந்தவை அவை. பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்பொடியை வெந்நீரில் கலந்து பாட்டிலில் புகட்டினாள். இரண்டு தேறின. கறுப்புக் குட்டி மட்டும் எலும்பும் தோலுமாகக் கத்திக்கொண்டே இருந்தது.

பசிதான் என்று நினைத்து அதற்குப் பொடியைக் கூடுதலாகப் போட்டாள். மஞ்சளாகப் பேதி ஆரம்பித்தது. போன சத்தை ஈடுகட்ட இன்னும் கெட்டியாகக் கலந்தாள். ஒருநாள் காலை அவசரத்தில் மூன்றுக்குமே அப்படிக் கலந்து பிளாஸ்கில் ஊற்றி, குட்டிகளோடு கடைக்குக் கொண்டுபோனாள்.

கடையில் தீபாவளிக் கூட்டம். அவளுக்கு ஓரிடத்தில் கால் நிற்கவில்லை. மயில்கழுத்து நிறம் கேட்டவளுக்கு ராமர் பச்சையை வெட்டிக் கொடுத்தாள்.

“ஏட்டி, கடையப் பாரு. பொழைக்கதுன்னா பொழைக்கும்” என்றான் ஜவஹர்.

“கறுப்புக்கு ஒடம்பு சில்லுன்னு இருக்குங்க. நான் டாக்டர்ட்ட போயிட்டு வாரேன்.”

ஆட்டோ மந்தைவெளியில் மெட்ரோ பள்ளத்தருகே நின்றேவிட்டது.

“கொஞ்சம் சீக்கிரம் போங்களேன்.”

“எங்கம்மா போறது? ஒரு வண்டியும் நவுரல, பாத்துக்கினுதானே கீற?”

முந்தானைக்குள் குட்டி அசையவில்லை. பாட்டிலை வாயில் வைத்துப் பார்த்தாள். பால் கடைவாயில் வழிந்தது.

டாக்டர் அஸ்மத்துன்னிசா முதலில் அவள் கையிலிருந்த பாட்டிலைத்தான் வாங்கினார். “உடம்பு சில்லுன்னு இருக்கும்போது பால் கொடுக்கக் கூடாதும்மா. செரிக்காது. மூச்சுக்குழாய்க்கும் போயிடும்.” குட்டியின் பிடரித் தோலைக் கிள்ளி விட்டார். அது படியாமல் அப்படியே நின்றது. உடம்பில் நீரே இல்லை. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி அணைத்துவைத்து, தோலுக்கடியில் மருந்து நீரை ஏற்றினார். பிறகு பால் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தார்.

“இவ்வளவு கெட்டியா?”

“மெலிஞ்சு கெடக்கேன்னு...”

“கெட்டியா இருந்தா அதுவே பேதியாக்கும். கத்தினது பூரா பசி இல்லம்மா, வயித்து வலியும்தான்.”

செண்பகத்துக்கு முகம் எரிந்தது. அப்போதுதான் பிளாஸ்க் ஞாபகம் வந்தது. ஜவஹருக்குப் போன் போட்டாள்.

“என்னங்க, பிளாஸ்க் பாலக் குடுத்திராதீங்க!”

“என்னது? ஒண்ணும் கேக்கல...” கூட்டத்தின் இரைச்சலில் போன் துண்டானது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தாள். குட்டியின் காதைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி போனை எடுத்தபோது அவனே கூப்பிட்டான்.

“ஊத்திட்டேன்.”

“ஐயோ! வாயிலயா?”

“தொட்டியிலட்டி. கட்டியா இருந்துச்சு, ஆடையா இருக்கும்னு கலக்கிப் பாத்தேன், மாவு மாதிரி இருந்துச்சு. இதுக ரெண்டும் கத்துதுக. எப்படிக் கலக்கணும்னு டாக்டர்ட்ட கேட்டுச் சொல்லு.”

இருட்டும் நேரத்தில் கறுப்பின் பாதம் கதகதப்பானது; அது டாக்டரின் விரலைச் சப்பியது. உப்பும் சர்க்கரையும் கரைத்த மருந்துநீரைச் சொட்டுச்சொட்டாக வைத்தார்கள். இறங்கியது. “நாளைக்கும் கொண்டு வாங்க. இன்னும் ஒண்ணும் சொல்ல முடியாது” என்றார்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் தூக்கிக்கொண்டு ஓடினாள். பேதி கட்டுப்பட்டது. பிறகு சரியான பதத்தில் பால். ஆனால் அளவு முடிந்ததும் பாட்டிலைப் பிடுங்கும்போதெல்லாம் கறுப்பு நகத்தால் பற்றிக்கொண்டு வீரிட்டது. “இன்னும் ரெண்டு சொட்டு குடேன்” என்று இப்போது ஜவஹர்தான் கேட்டான். செண்பகம், காதைப் பொத்திக்கொள்ளக் கை ஒழியாமல், பாட்டில் ரப்பரை அதன் வாயிலிருந்து இழுத்தாள்.