பரீட்சைக்கு ஒரு கிழவர்

திண்டிவனத்தில் நர்ஸ் வேலை பழக வந்த பெண்களில் சின்னபொண்ணுக்குத்தான் கிழவர் விழுந்தார்.

சீட்டில் விழுந்தார் என்று சொல்ல வேண்டும். அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் பழகிய பெண்களுக்குத் தலையில் வெள்ளைத் தொப்பி வைப்பதற்கு முன்னால் ஒரு செய்முறைப் பரீட்சை உண்டு. கைக்குழந்தை, ஓடியாடும் பிள்ளை, பிள்ளை பெற்றவள், வயதானவர் என்று மனுஷ ஆயுசை நாலாகப் பிரித்துச் சீட்டில் எழுதி, எனாமல் கிண்ணத்தில் போட்டுக் குலுக்குவார்கள். எந்தச் சீட்டு வருகிறதோ அந்த வயதுக்காரர் ஒருவரைப் பெரிய நர்ஸ் ஆரோக்கியம்மாள் முன்னால் குளிப்பாட்டி, துடைத்து, படுக்கை மாற்றிக் காட்ட வேண்டும். ஆறு மாதமும் அந்த அம்மாள் ஓயாமல் ஓதியது ஒன்றுதான். "வயசு மாறினா மருந்தோட அளவு மட்டும் மாறினா போதாது, உங்க கையும் மாறணும். கிழவரைக் குழந்தை மாதிரி கொஞ்சினீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

கொஞ்சுவதற்குக் கிழவர் இருந்தால் அல்லவா? அதுதான் சங்கடம். அது 1938. குழந்தைக்கு மாந்தம் என்றால் ஜனங்கள் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். பிரசவம் சிக்கலானால் வண்டி கட்டுவார்கள். வயதானவர்களை மட்டும் கொண்டுவரவே மாட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிழம் படுத்தால் அடுத்தது பாடைதான் என்று சுற்றுப்பட்டில் அத்தனை பேரும் நம்பினார்கள். தப்பித் தவறி வந்த ஒருவரும் மருந்து வாடை மூக்கில் ஏறியதும் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

"ஆளை நீதான் தேடிக்கணும்" என்று கையை விரித்துவிட்டார் ஆரோக்கியம்மாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைக்கலேன்னா வீட்டுக்குப் போயிட்டு அடுத்த பேட்சோட வா."

மற்றப் பெண்களுக்கு அது ஒரு பெரிய விஷயம் இல்லை. சின்னபொண்ணுக்கு அது தலைபோகிற விஷயம். விழுப்புரத்துக்கு அப்பால் கெடார் அவள் ஊர். கட்டிக்கொண்டவன் வேறொருத்தியைக் கூட்டிவந்து, இவளை வாசலோடு அனுப்பிவிட்டான். அண்ணன் நடராசன் வீட்டில் வாழாவெட்டி என்ற பட்டத்தோடு இருந்தாள். அண்ணி நல்லவள்தான், வாயைத் திறக்காத வரைக்கும். நர்ஸ் வேலைக்குப் போகிறேன் என்றபோது வீடே ரெண்டுபட்டது. கடைசியில் நடராசன் ஒரு வார்த்தை சொன்னான். "ஆறு மாசம். தொப்பி வச்சாங்கன்னா இரு. இல்லேன்னா மறுபேச்சு பேசாம வந்து சேரு." அவன் சொன்னால் சொன்னதுதான். அடுத்த பேட்ச் என்ற ஒன்று அவளுக்குக் கிடையாது.

கடைத்தெருவில் முறுக்கு விற்கிற கிழவியிடம் கேட்டாள். "ஏண்டி, என்னைப் பார்த்தா சாவப்போறவ மாதிரியா கீது?" என்று கிழவி மண்ணை வாரித் தூற்றாத குறை. புளி மண்டியில் உட்கார்ந்திருந்த பெரியவர், சும்மா படுத்தால் போதும் என்றதைக் கேட்டு, சும்மா படுக்கிறவன்தான் எழுந்திருக்க மாட்டான் என்று அவளுக்கே பாடம் எடுத்தார். புதன்கிழமை மாலை வெறுங்கையோடு திரும்பி வந்தபோதுதான் ஆஸ்பத்திரி கேட்டில் நின்ற வாச்சுமேன் முருகையன் அவள் கண்ணில் பட்டார்.

முருகையனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முதல் உலகச் சண்டையில் சிப்பாயாகப் பஸ்ரா வரை போய் வந்தவர். காக்கிச் சட்டை, கருகருவென்று முறுக்கிய மீசை, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை சிப்பாய் மாதிரி சுற்றிக் கட்டிய காக்கிப் பட்டி. வெயிலோ மழையோ அந்தப் பட்டியை அவிழ்த்து யாரும் பார்த்ததில்லை. வந்த புதிதில் சின்னபொண்ணு அவரைத் "தாத்தா" என்று கூப்பிட்டுவிட்டாள். அன்று அவர் கேட்டைத் திறக்க வெகு நேரம் ஆயிற்று. அதற்கப்புறம் அவளும், அவளைவிடச் சின்னப் பெண்களும், அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டார்கள்.

இருந்தாலும் ஆபத்துக்குப் பாவமில்லை என்று வாயைவிட்டுக் கேட்டாள்.

"ஆரைப் பாத்துக் கெழவன்றே?" முருகையன் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்காய் பறந்தது. "நாப்பத்தஞ்சு வயசு ஆம்பளையைப் பாத்துக் கேக்குற கேள்வியா இது? போ உள்ள!"

வியாழக்கிழமை சாயந்தரம் அவள் தகரப் பெட்டியை அடுக்கி வைத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்ற ஜட்காக்காரனிடம், சனிக்கிழமை காலை விழுப்புரம் ரயிலுக்கு வண்டி வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முருகையன் காதில் அது விழுந்தது.

"இன்னா பொண்ணே, ஊருக்கா?"

"ஆமாண்ணே. ஆளு கெடைக்கல."

"அதுக்கு இன்னாத்துக்கு அழுவுறே?"

"அழுவுலீங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கேட்க ஆள் கிடைத்ததும் அண்ணன் வீடு, ஆறு மாசக் கெடு எல்லாம் தானாக வெளியே வந்துவிட்டது. முருகையன் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார். ஜட்கா போய்விட்டது. கேட்டைச் சாத்தினார், மறுபடி திறந்தார், மறுபடி சாத்தினார்.

"நாளைக்கு நான் படுக்குறேன்" என்றார் திடீரென்று. "குண்டு பறந்தப்பகூட படுக்காதவன் நானு. உனக்கோசரம் படுக்குறேன். ஆனா ஒண்ணு. இந்தப் பட்டியை அவுக்கக் கூடாது. முட்டிக்குக் கீழ உன் கை வரக் கூடாது. சரின்னா சொல்லு, ஜல்தி."

சிப்பாய் வீம்பு என்று நினைத்துக்கொண்டு, "அம்மா மேல ஆணையா தொட மாட்டேண்ணே" என்று சத்தியம் செய்துவிட்டாள். கால் கழுவாவிட்டால் மார்க்கு குறையும்; குறைந்தால் குறையட்டும், ஆள் கிடைத்ததே பெரிது. அன்றைக்குச் சோறு இறங்கியது.

வெள்ளிக்கிழமை காலை வார்டில் எல்லாப் பெண்களும் சுவரோரம் நின்றார்கள். ஆரோக்கியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டாக்டர் இருதயராஜ். கட்டிலில், மார்பு வரை போர்த்திய வெள்ளைத் துப்பட்டிக்குள், முருகையன் கூரையைப் பார்த்தபடி விறைப்பாகக் கிடந்தார்.

சின்னபொண்ணு வெந்நீரை முழங்கையில் தொட்டுப் பார்த்தாள். முதலில் கண். பிறகு நெற்றி, கன்னம். மூக்குக்குக் கீழே துணி போனதும் தண்ணீர் கறுத்துப்போயிற்று. மீசையில் பாதி வெள்ளையாக நின்றது. விளக்குக்கரியும் தேங்காயெண்ணெயும் குழைத்துத் தினம் தினம் தீட்டிய மீசை அது. சுவரோரத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்திக்கு இருமல் வந்தது.

சின்னபொண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டதைப் பார்த்தாள். கூட்டத்துக்கு முதுகு காட்டி மறைத்து நின்று, மீதியையும் பாந்தமாகத் துடைத்து, கறுத்த தண்ணீரை யாரும் பார்க்குமுன் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றினாள். "சூடு போதுமாண்ணே?" என்று எப்போதும் பேசுகிற குரலில் கேட்டாள். வெள்ளை மீசைக்காரரையும் அவள் அண்ணே என்றதைக் கேட்டு ஆரோக்கியம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

கை, மார்பு, முதுகு என்று ஒவ்வொரு இடமாகத் திறந்து, துடைத்து, உடனே மூடினாள். இடுப்புக்குக் கீழே துப்பட்டியைக் கொஞ்சம் ஒதுக்கி முழங்கால் வரை வந்தபோது அந்த நாற்றம் வந்தது. அழுகின சதை நாற்றம். ஆறு மாதம் புண் கட்டிப் பழகிய மூக்குக்கு அது தெரியாமல் போகுமா? பட்டி எதற்கு என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கால் புண் என்று தெரிந்தால் கேட்டில் நிற்கிற வேலை போய்விடும். கேட்டுப் பக்கத்து அறையைத் தவிர அந்த மனிதருக்கு வேறு வீடு கிடையாது. பயந்துபோய்ப் பொத்தி வைத்திருக்கிறார்.

சின்னபொண்ணு துப்பட்டியை இழுத்துக் காலை மூடினாள்.

"முடிஞ்சிதும்மா."

"கால்?" என்றார் ஆரோக்கியம்மாள்.

"அவ்ளோதாம்மா."

"கால் கழுவாத குளியல் ஒரு குளியலா? வயசானவங்களுக்குக் காலைத்தானே முதல்ல பார்க்கச் சொன்னேன்? ஏன் நிறுத்தினே, காரணம் சொல்லு."

சொன்னால் அவர் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் தன் பிழைப்பு. அதைவிடப் பெரிது, சொல்லாவிட்டால் அந்தக் கால் என்ன ஆகும்? அவள் துப்பட்டியின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினாள்.

"காரணம் இல்லேன்னா ஃபெயில்தான், சின்னபொண்ணு. வழியே இல்லை. நகர்ந்துக்கோ."

அவள் தலையணையைச் சரி செய்கிற சாக்கில் குனிந்தாள். "நான் சொல்ல மாட்டேண்ணே" என்று அவர் காதில் மட்டும் விழும்படி சொன்னாள். "நான் ஊருக்குப் போய்க்கிறேன், அது போவட்டும். நீங்க மட்டும் இன்னிக்கே டாக்டர்கிட்ட தனியா காட்டிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும். ஆறப் போடாதீங்க, காலே போயிடும்."

கிண்ணத்தையும் துணியையும் எடுத்துக்கொண்டு நாலடி நடந்திருப்பாள். பின்னால் கட்டில் கிரீச்சிட்டது.

முருகையன் எழுந்து உட்கார்ந்திருந்தார். கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு, இடது கால் பட்டியின் முடிச்சை அவரே அவிழ்த்துக்கொண்டிருந்தார். சுற்றுச் சுற்றாகக் காக்கித் துணி தரையில் விழுந்தது. கடைசிச் சுற்று சதையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. சுவரோரம் நின்ற பெண்கள் மூக்கைப் பிடித்தார்கள்.

"காரணம் இதாம்மா" என்றார் ஆரோக்கியம்மாளிடம். "தொடக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. அறுவது எப்பவோ தாண்டிடுச்சி, நான் கெழவன்தான், எழுதிக்குங்க. வேலையை உட்டுத் தூக்குறதுன்னாலும் தூக்குங்க. அது வந்து கழுவட்டும், நீங்க பாத்துட்டு மார்க்கு போடுங்க."

சின்னபொண்ணு திரும்பி வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். ஒட்டியிருந்த துணியை வெந்நீர் விட்டு ஊறவைத்து, இழுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். கண்ணீர் வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை. தன்னைப் பெற்றவர்கூடத் தனக்காக இப்படிச் செய்ததில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு ஆண்பிள்ளை, இத்தனை நாள் கட்டிக் காத்த மானத்தை, வாழாவெட்டி ஒருத்திக்காக ஊர் பார்க்க அவிழ்த்துப் போட்டார். இதற்கு எந்த ஜன்மத்தில் எப்படிக் கைம்மாறு செய்வது? விரலிடுக்கு வரை கழுவித் துடைத்தாள். டாக்டர் இருதயராஜ் மண்டிபோட்டுப் புண்ணைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா முட்டியோட எடுத்திருக்கணும்" என்றார். "இப்ப பயமில்ல. ஆனா கட்டிலை விட்டு இறங்கக் கூடாது."

"கேட்டுக்கு ஆள்?" என்று முருகையன் கேட்டது ஈனஸ்வரத்தில் வந்தது.

"கால் ஆறட்டும். அதுக்கப்புறம் ஸ்டூல் போட்டுத் தரேன், உட்கார்ந்துகிட்டு அதட்டுங்க" என்றார் ஆரோக்கியம்மாள். "உங்க வேலைக்குக் கால் எதுக்கு? தொண்டை போதும்." பிறகு சின்னபொண்ணின் பக்கம் திரும்பினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த அம்மாள் அதற்கு மேல் யாரையும் மெச்சியதாகச் சரித்திரம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கெடு முடிந்தது என்று நடராசன் தங்கையை அழைத்துப்போக வந்துவிட்டான். மண்டிக்கு மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிவந்த வண்டியிலேயே திரும்பிவிடலாம் என்று கணக்கு. வார்டுக்குள் எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றான். தலையில் வெள்ளைத் தொப்பியோடு ஒருத்தி தரையில் உட்கார்ந்து, ஒரு வெள்ளை மீசைக்காரரின் காலை மடியில் வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அது தன் தங்கைதான் என்று தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்நிய ஆணின் காலை மடியில் வைத்திருப்பதைப் பார்த்து அவன் முகம் சுண்டியது. "பெரியவரே, நீங்க ஆருங்க?" என்று கேட்டான். "எங்களுக்கு சொந்தமா? சின்னபொண்ணுக்கு நீங்க இன்னா ஆவணும்?"

அவள் தலையை நிமிர்த்தாமல் கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். முருகையன் தலையணையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"நானா?" என்றார், அந்த வார்டு முழுக்கக் கேட்கும்படி. "நான் இந்த நர்ஸம்மாவோட பேஷண்ட்டுங்க."

நர்ஸம்மா என்று அவளை யாரும் அதுவரை சொன்னதில்லை. சின்னபொண்ணின் கையிலிருந்து கட்டு நழுவிவிட்டது. அதை முழுக்கப் பிரித்துவிட்டு, அண்ணன் பார்த்துக்கொண்டு நிற்க, முதலிலிருந்து சுற்றினாள்.