அண்ணன் கூட்டிய நாலு விரல்

ஒத்திகையில் அண்ணி ஊஞ்சலை விட்டு அந்தரத்தில் மூன்று கரணம் போட்டாள். அவள் உடுத்தியிருந்த உடை இரண்டுதான் போட்டது. எதிர் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கிய பிடிகாரர் அவள் மணிக்கட்டைப் பற்றப் போய், தொளதொளத்த கைத்துணியைப் பற்றினார். துணி நீண்டுகொண்டே போனது. அண்ணி வலையில் விழுந்து, எழுந்து உட்கார்ந்து, தலைமுடியை அள்ளி முடிந்த பிறகுதான் பிடிகாரருக்குக் கையில் ஆள் இல்லை என்பது உறைத்தது.

கீழே நின்ற தையல்காரிக்கு உச்சந்தலை கொதித்தது. சர்க்கஸ் அவள் அண்ணனுடையது. உடைகள் அவள் பொறுப்பு. நாளை ஆட்டத்தில் வலை கிடையாது. அப்படித்தான் ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருந்தார் அண்ணன்.

"இது நான் வெட்டின உடுப்பே இல்ல!"

தையலறைக்கு ஓடினாள். இந்த உடுப்புக்காக, துணி வெட்டும் அளவுக் காகிதங்களில் சட்டை பேட்டர்ன்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, நீச்சல் உடை பேட்டர்ன் ஒன்றை அவள்தான் தேடி எடுத்திருந்தாள். துணியைக் கட்டைவிரல்களுக்கு நடுவே இழுத்துப் பார்த்து, உடம்பளவைவிடக் குறைத்து வரைந்திருந்தாள். கையைத் தூக்கினால் இடுப்பும் கூடவே ஏறாமலிருக்க அக்குளுக்கு ஒரு சாய்சதுரத் துண்டும் சேர்த்திருந்தாள். பிறகு காய்ச்சலில் படுத்துவிட்டாள். இப்போது அந்தக் காகிதத்தின் விளிம்பெல்லாம் நாலு விரல் அகலத்துக்கு வேறு காகிதம் ஒட்டியிருந்தது. அக்குள் துண்டைக் காணோம்.

சர்க்கஸுக்கு முன்னால் அண்ணன் சட்டைக்கடை வைத்திருந்தவர். அவர் தைத்த சட்டைக்குள் ஆள் புரண்டு படுக்கலாம்.

"உடம்பவிடச் சின்னதா எவனாவது வெட்டுவானா?" என்றார் அங்கே உட்கார்ந்திருந்த அண்ணன். "காய்ச்சல்ல கை தவறிடுச்சு, பாவம்னு நானே நாலு விரல் கூட்டி வெட்டித் தச்சேன். நன்றி சொல்லுவேன்னு பாத்தா..."

"நன்றியா? அண்ணே, இது இழுபடற துணி! சின்னதா வெட்டினாத்தான் உடம்போட ஒட்டும். இன்னிக்கு அண்ணி செத்திருப்பா!"

"அதான் வலை இருந்துச்சுல்ல."

"நாளைக்கு?"

"நாளைக்கும் இதேதான். நல்ல காத்தோட்டமான உடுப்பு. உங்க ரெண்டு பேருக்கும் பயம். நானே போட்டுக்கிட்டு மேல ஏறிக் காட்டறேன், பாரு."

உடை மாற்றிக்கொண்டு வந்த அண்ணி அதை அவர் மடியில் எறிந்தாள். "போடுங்க. எனக்கும் உங்களுக்கும் சேத்துத்தானே வெட்டியிருக்கீங்க."

அண்ணன் தொப்பையோடு அதற்குள் புகுந்தார். அப்படியும் முதுகில் ஒரு பை தொங்கியது. உச்சி மேடைக்கு ஏறி, ஜனமே இல்லாத கூடாரத்தைப் பார்த்துக் கையசைத்துத் திரும்பினார். முதுகுப்பை மேடைக் கம்பத்தின் கொக்கியில் மாட்டியது. கால் நழுவியது.

வலைக்கு வெளிப்பக்கமாக, துணி நீள நீள, நின்ற வாக்கிலேயே, அவசரமில்லாமல் இறங்கினார். கால் தரையைத் தொட்டது.

"பாத்தியா? ஒண்ணும்..." என்றார். "ஆகல" என்பது கூரையிலிருந்து கேட்டது.

பிடிகாரர் கொக்கியைக் கழற்ற ஏணிக்கு ஓடினார். தையல்காரி கத்தரிக்கோலைக் குறுக்கே நீட்டினாள். "தொட்டீங்க, அடுத்த உடுப்பு உங்களுக்கும் அண்ணன்தான் தைப்பாரு." பிடிகாரர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் மறுபடி வந்தார்.

"என் பேட்டர்னத் தொட்டது தப்பா, இல்லையா?"

"கொஞ்சம்..." போய்விட்டார்.

அடுத்த முறை பாதி தூரத்திலேயே கத்திக்கொண்டு வந்தார். "தப்பு! முழுத் தப்பு! கத்தரிம்மா!"

"வலை?"

"கட்டச் சொல்றேன்! சுவரொட்டியக் கிழிக்கச் சொல்றேன்!"

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? விழுந்தவகிட்டச் சொல்லு!"

அதைச் சொல்ல அவர் ஒருமுறை மேலே போய்த்தான் வர வேண்டியிருந்தது. வந்ததும், "தெரியாமப் பண்ணிட்டேன்டி, மன்னிச்சுக்க" என்று கைகூப்பினார். அண்ணி அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"பிடிச்சிட்டேன். வெட்டு."

தையல்காரி கத்தரியை இடுப்பில் செருகினாள். கொக்கியிலிருந்து அண்ணன் முதுகுவரை விறைத்து நின்ற துணியை மேலும் கீழும் பார்த்தாள்.

"இரு அண்ணி. நான் நெனச்சதவிட அதிகமா இழுக்குது. பேட்டர்ன்ல இன்னும் ரெண்டு விரல் குறைக்கணுமோ என்னமோ. இன்னொரு தரம் பாத்துக்கறேன், விடு."

அண்ணி விட்டாள்.