மேட்டு லைன் பைப்பு

மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் இங்கிலீஷ் தெரியாத ஆள் ஒருவரும் கிடையாது. எல்லோருக்கும் ஒரு வார்த்தை தெரியும்: லைன். அந்த ஒன்றை வைத்துக்கொண்டே பிறந்து, வேலை பார்த்து, செத்தும் போய்விடலாம்.

விடியலில் பெரட்டுக்குப் போனால் கங்காணி எங்களைப் பேர் கூப்பிட நிறுத்துவது லைன். நாங்கள் நிரை என்று சொல்லும் ரப்பர் மர வரிசை துரை வாயில் லைன். புதுக்காடு நடும்போது கயிறு பிடித்து முளை அடிப்பதற்கு லைன் போடுவது என்று பெயர். தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ரயில் வருவதும் லைன்தான். துரை பங்களாவிலிருந்து ஆபீசுக்கு ஓடும் டெலிபோன் கம்பி இன்னொரு லைன். அதில் துரை பேசினால் இந்தப் பக்கம் கணக்கெழுதும் கிராணிக்கு வேர்த்துக் கொட்டும். சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு வரும் ஹபீபுல்லா பாயைக் கேட்டால், "நம்ம லைன் பாச்சாங்குல ஆரம்பிச்சு சுங்கை ரம்பாயில முடியும்மா" என்பார். அவருக்கு அது வியாபாரப் பாதை.

ஆனால் வெறுமனே லைன் என்றால் எங்களுக்கு வீடு. வீடு என்று சொல்வதும் மரியாதைக்குத்தான். ஒரே கூரைக்குக் கீழே பத்து அறை, பத்து அடுப்பு, பத்து குடும்பத்துச் சண்டை. துரைக்குத் தெரிந்தது ஒன்றாம் நம்பர் லைன், இரண்டாம் நம்பர் லைன். நாங்கள் சொன்னது மேட்டு லைன், பள்ளத்து லைன். மேட்டில் சாதிக்காரர்கள், பள்ளத்தில் நாங்கள். இந்தப் பிரிவை வெள்ளைக்காரன் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்க எனக்கு மனசு வரவில்லை. அவன் கட்டியது பலகை வீடு. நடுவில் வேலி போட்டது நம் ஆட்கள்.

பைப்பு மேட்டு லைனில் இருந்தது. தோட்டத்துக்கே அது ஒன்றுதான். மத்தியானம் மூன்று மணிக்கு எஞ்சின் ஓடும், ஐந்து மணிக்கு நிற்கும். அந்த இரண்டு மணி நேரம் மட்டும் தண்ணீர் வரும். மேட்டு லைன் பெண்கள் பிடித்து முடித்த பிறகு, அவர்களில் ஒருத்தி பைப்பைத் திறந்து வாளியில் பிடித்து, தூர நிற்கும் எங்கள் பாத்திரங்களில் எட்டி ஊற்றுவாள். எங்கள் கை பைப்பில் படக்கூடாது. ஊரில் கிணற்றுக்கு இருந்த சட்டத்தைப் பத்திரமாகக் கப்பலில் ஏற்றிவந்து இரும்புக் குழாயில் மாட்டியிருந்தார்கள். இத்தனைக்கும் நான் ரப்பர் மரப்பட்டையைக் கீறி வெட்டிய பாலும் மேட்டு லைன் கருப்பாயி அக்கா வெட்டிய பாலும் பால் நிறுக்கும் ஸ்டோரில் ஒரே தொட்டியில்தான் கலக்கும். பாலுக்கு மட்டும் தீட்டு கிடையாது.

நான் இருசம்மாள். பள்ளத்து லைனில் பிறந்தவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றில் மேட்டு லைன் வீரமுத்துவைக் கட்டிக்கொண்டேன். எனக்கு அடுத்த நிரையில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர் அவர். பேப்பர் படிப்பார், டவுனில் சாதி ஒழிப்புக் கூட்டம் என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பாச்சாங்கில் ஒரு சங்கத்துக் கொட்டகையில் ஐயரும் இல்லாமல் அம்மியும் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டோம். கிராணி தன் புத்தகத்தில் என் பேரை ஒன்றாம் நம்பர் லைன், ஏழாம் அறை என்று மாற்றி எழுதினார். எழுத்தில் அவ்வளவு சுலபமாக நான் மேடேறிவிட்டேன்.

என் மாமியார் முனியம்மா என்னை அடிக்கவுமில்லை, வையவுமில்லை. அதே அறையில் தனக்கென்று ஒரு சட்டி, தனக்கென்று ஓர் அடுப்பு வைத்துத் தனியாகப் பொங்கிக்கொண்டார். தண்ணீரையும் அவரே கொண்டுவந்தார். எங்கள் இருவருக்குமான தண்ணீரை நாலு நாள் வீரமுத்து சுமந்தார். ஆம்பிளை குடம் தூக்குகிறான் என்று லைனே சிரித்தது. எனக்கும் பொறுக்கவில்லை. அந்தப் பைப்பைத் தொட முடியாவிட்டால் நான் அங்கே குடித்தனக்காரி இல்லை. எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்த சாமான். ஐந்தாம் நாள் வாளியை எடுத்தேன்.

பால் மரம் வெட்டுவதில் நான் வேகம். அன்றைக்குப் பால் நிறுத்துப் போட்டு முதல் ஆளாக வந்து, பைப்புக்கு நேர் கீழே வாளியை வைத்தேன். அடுத்து வந்தது கருப்பாயி அக்கா. லைனில் சத்தமான ஆள் அவள்தான். ஒரு வார்த்தை பேசாமல் காலால் ஓர் உதை விட்டாள். வாளி உருண்டு சாக்கடையில் விழுந்தது. எடுத்துவந்து அதே இடத்தில் வைத்தேன். மறுபடி உதைத்தாள். மூன்றாவது தடவை வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"இப்ப ஒதைங்கக்கா" என்றேன்.

அதற்குள் பின்னால் குடங்கள் வரிசையாகச் சேர்ந்துவிட்டன. எஞ்சின் சத்தம் கேட்டது. பைப்பு இரண்டு தடவை இருமிவிட்டுத் தண்ணீரைத் துப்பியது. எழுந்து, வாளியை நிமிர்த்தி, என் கையாலேயே பிடித்தேன். நிறைந்ததும் என் கையாலேயே மூடினேன்.

"பைப்பு தீட்டாயிருச்சு, யாரும் தொடாதீங்க!" என்று கத்தினாள் கருப்பாயி அக்கா. பக்கத்து அறை மீனம்மா ஓடிப்போய்ப் புளியும் சாம்பலும் கொண்டுவந்தாள். இருவரும் பைப்பைப் பளபளவென்று தேய்த்தார்கள். தேய்த்து முடிந்ததும் நான் கையை நீட்டி மறுபடி தொட்டேன். மறுபடி தேய்த்தார்கள். மறுபடி தொட்டேன்.

"தேய்ங்க, எனக்கு வேற வேலை இல்ல. வீட்டுல எவ்வளவு புளி வச்சிருக்கீங்கன்னு பாப்போம்."

பள்ளத்து லைன் பெண்கள் வழக்கமான தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் என் தங்கை குஞ்சம்மாவும் இருந்தாள். வேண்டாம் வந்துவிடு என்று கையைக் காட்டினாள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கங்காணி கந்தசாமி குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். ஆட்களை வைவதில் பேர் போனவர்; அன்றைக்கு மட்டும் குரலில் தேன் வழிந்தது.

"எதுக்கும்மா வம்பு? தொரைகிட்ட சொல்லி லைன் கோடியில ஒனக்குன்னு தனியா ஒரு பைப்பு போட்டுத் தரேன். யாரு பின்னாடியும் நிக்க வேணாம், நீ பாட்டுக்குப் புடிச்சிக்கலாம்லா."

பெண்களுக்கு முகம் மலர்ந்தது. "நல்ல ரோசனை" என்றாள் மீனம்மா. அந்த நேரம் பார்த்து வீரமுத்து ஸ்டோரிலிருந்து வந்து சேர்ந்தார். என்ன நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர், என் பக்கத்தில் வந்து மெல்லிய குரலில் சொன்னார்: "இருசு, நல்ல ஏற்பாடுதான். ஒத்துக்க புள்ள."

கருப்பாயி அக்காவின் உதை எனக்கு வலிக்கவில்லை. இது வலித்தது. ஒரு கூட்டம் விடாமல் போய்க் கைதட்டிவிட்டு வந்த மனுஷன்!

"அந்தப் பைப்புல நீங்க குளிப்பீங்களா?"

வீரமுத்து கங்காணியைப் பார்த்தார்.

"ஒங்கம்மா ஒரு சொம்பு புடிச்சிக் குடிப்பாங்களா?"

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப அது பைப்பு இல்லைங்க, பள்ளத்து லைனு. எனக்கு ஒருத்திக்காக ஒரு குழாய் அளவுல சின்னதாக் கட்டித் தராங்க. எனக்கு வேணாம். நான் இந்த லைனுக்கு வாழ வந்தவ. எல்லாரும் புடிக்கிற பைப்புலதான் புடிப்பேன்."

கங்காணிக்குத் தேன் தீர்ந்துபோனது. "தொரைகிட்ட சொல்லி ஒங்க ரெண்டு பேரையும் வேலைய விட்டுத் தொரத்திருவேன்!"

"சொல்லுங்கய்யா. ஏன்னு கேப்பாரு. தண்ணி புடிச்சதுக்குன்னு சொல்லுங்க."

தண்ணீர் பிடித்த குற்றத்துக்கு வேகமாக வெட்டும் ஆளைத் துரை விரட்டமாட்டார் என்று கங்காணிக்கும் தெரியும். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டோர் பக்கம் நடந்தார். வீரமுத்து போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு என் பக்கத்தில் நின்றார். நிற்கட்டும் என்று விட்டேன்.

மணி நாலரை தாண்டியது. பதினைந்து பெண்கள், பதினைந்து காலிக் குடங்கள். பால் காய்ந்து எல்லோர் கையிலும் தலையிலும் ஒட்டிக் கிடந்தது. அடுப்பில் உலை வைக்கத் தண்ணீர் இல்லை. எனக்குப் பின் முதலில் பிடிப்பவள் எவள் என்பதுதான் இனிப் பேச்சு. ஒருத்தியும் பிடிக்காவிட்டால் நான் தோற்றேன். நாளைக்கு வீரமுத்துவே என்னைக் கூட்டிக்கொண்டுபோய்த் தனிப் பைப்பைக் காட்டுவார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் பார்த்துவிடுவார்கள் என்று பைப்பையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முனியம்மா வந்தார். இடுப்பில் அவருடைய தனிக் குடம்.

"நவுருடி" என்றார்.

கன்னத்தில் அறை விழப்போகிறது என்று நினைத்து நகர்ந்தேன். அவர் பைப்பைத் திறந்து குடத்தை வைத்தார். யாரோ ஐயோ என்றார்கள்.

"என்னடி ஐயோ? இவ என் வீட்டுக்கு வந்தது எனக்குப் புடிக்கல. இப்பவும் புடிக்கல. அது என் வீட்டுச் சண்டை, வீட்டுக்குள்ள வச்சிக்குவேன். நீ யாருடி கருப்பாயி என் மருமக வாளிய ஒதைக்க? பைப்பு என்ன ஒங்கப்பன் வச்சதா?"

குடம் நிறைந்ததும் இடுப்பில் ஏற்றிக்கொண்டு, என்னைப் பார்க்காமலேயே போய்விட்டார். அதற்குப் பிறகு ஒருத்தி வந்தாள். பிறகு மூன்று பேர். புளியைக் கையில் வைத்துக்கொண்டிருந்த மீனம்மா, அதை முந்தானையில் முடிந்துகொண்டு குடத்தை நீட்டினாள். கருப்பாயி அக்கா மட்டும் காலிக் குடத்தோடு ஆற்றுக்குப் போனாள். நாலு நாள் போனாள். ஐந்தாம் நாள் மழை. ஆறு செம்மண் குழம்பாக ஓடியது. அக்கா பைப்புக்கு வந்தாள்.

அன்றிரவே எல்லாரும் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள் என்று சொன்னால் அது பொய். முனியம்மா தன் சட்டியிலேயே பொங்கினார். பைப்படியில் யாரும் என்னோடு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. என் வாளியை யாரும் தொடவில்லை, அவ்வளவுதான். பள்ளத்து லைன் பாத்திரங்களுக்கு வழக்கம்போலத் தூரத்திலிருந்துதான் ஊற்றினார்கள். நான் ஜெயித்தது என் ஒரு வாளி தண்ணீர் மட்டும் என்று தெரிந்தபோது எனக்குக் குடித்த தண்ணீர் கசந்தது.

ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள் ஸ்டோரில் தாமதமாகிவிட்டது. அவசரத்தில் குடத்தைக் கொண்டுபோய் முன்னால் நுழைத்தேன்.

"ஏய் இருசம்மா!" கருப்பாயி அக்காவின் குரல் தோட்டத்தையே உலுக்கியது. "நாங்கள்லாம் ஆளாத் தெரியலயா? பின்னாடி போயி லைன்ல நில்லுடி!"

அந்த வாயிலிருந்து என் பேர் வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. இங்கே நிற்காதே என்று சொல்லவில்லை. எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நில் என்றாள். ஏழு பேருக்குப் பின்னால் போய்க் குடத்தை வைத்தேன்.

பள்ளத்து லைன் பெண்கள் தூரத்தில் காத்திருந்தார்கள். "குஞ்சம்மா, இங்க வா" என்று சத்தமாகவே கூப்பிட்டேன். அவள் தயங்கினாள். "வாடி! என் பின்னாடி வை." வந்தாள். அவள் குடத்தை வாங்கி என் குடத்துக்குப் பின்னால் நானே வைத்தேன். கருப்பாயி அக்கா திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். குஞ்சம்மாவின் குடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது மீனம்மா குடத்தோடு மூச்சு வாங்க வந்தாள். அவளுக்கும் தாமதம். குஞ்சம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எஞ்சின் கொட்டகைப் பக்கம் காது கொடுத்தாள். எஞ்சின் நிற்க நேரம் அதிகம் இல்லை. ஏதோ முணுமுணுத்துக்கொண்டே குஞ்சம்மாவின் குடத்துக்குப் பின்னால் தன் குடத்தை வைத்தாள்.