வலப்பக்கம் உட்கார்ந்தவன்

“ஐயோ, பாவு! என் பாவு போச்சே!”

ஜெயம் போட்ட கூச்சலில் தெருவின் இரண்டு பக்கத்துக் கதவுகளும் ஒன்றாகத் திறந்தன. வெளியே ஓடி வந்தவர்களுக்கு முதலில் புழுதிதான் தெரிந்தது. புழுதி கொஞ்சம் அடங்கிய பிறகு, தெரு நடுவே கரும்பச்சை நிறத்தில் நீளமான கார் ஒன்று நிற்பது தெரிந்தது. முன்சக்கரங்களில் அரக்குச் சிவப்புப் பட்டு இழைகள் கொத்துக் கொத்தாகச் சுற்றியிருந்தன. சாக்கடை ஓரம் விழுந்து கிடந்த ஜெயம், சிராய்த்த முழங்கையை ஊதிக்கொண்டே எழுந்தாள்.

காரின் வலப்பக்கக் கதவு திறந்தது. தணிகாசலம் ஒரு காலைத் தரையில் வைப்பதற்குள், ஜெயத்தின் புருஷன் லோகநாதன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டான்.

“யோவ், உனக்குக் கண்ணு இன்னா பொடனியிலயா கீது?”

“சட்டைய விடுய்யா. நான் ஓட்டல!”

“நீ ஓட்டல? அப்ப உங்க தாத்தா எழுந்து வந்து ஓட்டினாரா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இதற்குள் இடப்பக்கக் கதவிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரனுக்கு யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். இன்னொருவர் சோடா வாங்கிவர ஓடினார். பட்டு வாங்க வந்த துரை, பாவம், பயந்துபோயிருப்பார் அல்லவா?

தணிகாசலத்தின் சட்டையை லோகநாதன் இன்னும் விடவில்லை.

ஆரணியில் நெசவுத் தெருக்களுக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. விடிந்ததும், தறியில் ஏற்றவேண்டிய நீளவாட்டு இழைகளான பாவைத் தெருவின் நீளத்துக்கு விரித்துக் கட்டி, கஞ்சி தடவி, ஆயிரக்கணக்கான இழைகளை ஒட்டாமல் பிரித்துவிட்டுக் காயவைப்பார்கள். அது காய்ந்து சுருட்டப்படும் வரை அந்தத் தெருவில் சைக்கிள்கூட வராது. பால்காரர் சுற்றிக்கொண்டு போவார். கல்யாண ஊர்வலமானாலும் அடுத்த தெருதான். இதற்குப் பலகை எதுவும் கிடையாது. ஆரணிக்காரனுக்கு எதற்குப் பலகை?

தணிகாசலம் அசல் ஆரணிக்காரர். இருபத்திரண்டு வருஷமாக டாக்சி ஓட்டுகிறவர். லைசென்ஸில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. ஆரணியில் கார் என்றாலே தணிகாசலம்தான் ஞாபகத்துக்கு வருவார். அதுதான் இன்றைக்கு அவருக்கு வினையாக வந்து வாய்த்தது. அவரை நடந்தே ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். வெள்ளைக்காரனும் கூடவே வந்தான். காருக்குள் எட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தணிகாசலமே வலப்பக்கத்திலிருந்து இறங்கிய பிறகு, அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

சப்-இன்ஸ்பெக்டர் ரங்கசாமி காலை இட்டிலியை முடித்துவிட்டு அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

“யார் ஓட்டினது?”

“இவருதாங்க,” என்றார்கள் ஏழெட்டுப் பேர்.

“பார்த்தீங்களா?”

“எங்க கண்ணால பாத்தோங்க. வலப்பக்கம் உக்காந்துகினு, ஜன்னல் வழியா கையை நீட்டி சிக்னல் காட்டிகினே வந்தாருங்க.”

“சார், கையை மட்டுந்தான் சார் காட்டினேன்!” என்று கத்தினார் தணிகாசலம். “ஓட்டினது தொரை. அது அமெரிக்கா வண்டி. ஸ்டியரிங்கு இடப்பக்கம் கீது. அந்தப் பக்கம் உக்காந்துகினு அவரால வலது கையைக் காட்ட முடியாது, எதிர்ல வர்ற வண்டியும் தெரியாது. அதுக்குத்தான் என்னைக் கூட்டிகினு வந்தாரு.”

ரங்கசாமி அவரைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

“இடப்பக்கம் ஸ்டியரிங்கா? யார்கிட்டய்யா கதை விடறே? துரை எந்த ஊரு?”

“இங்கிலாந்துங்க.”

“இங்கிலாந்துல வலப்பக்கம்தான் ஸ்டியரிங். நமக்கு வண்டியும் ரோடும் சொல்லிக்குடுத்ததே அவங்கதான். அவங்க ஊர்ல அருமையான கார் எத்தனையோ இருக்கு. அதை விட்டுட்டு இங்கிலீஷ்காரன் எதுக்குய்யா அமெரிக்காக்காரன் வண்டிய ஓட்டறான்?”

“அதைத்தான் சார் நாலு நாளா நானும் கேட்டுகினு கீறேன்!”

உண்மையிலேயே கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவருடைய அம்பாசிடர் எஞ்சின் பிரித்துப்போட்டு ஷெட்டில் கிடந்தது. அந்த நேரம் பார்த்து மதராசிலிருந்து வந்து இறங்கினான் கென்னத். லண்டனில் ஏதோ கடைக்குப் பட்டு வாங்குகிறவன், வயது முப்பது இருக்கும். ஊர் திரும்பிய அமெரிக்க அதிகாரி ஒருவரிடமிருந்து இந்தக் காரை வாங்கியிருந்தான். டிரைவர் வேண்டும் என்றான். தணிகாசலம் காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். போனால், சாவியைக் கொடுக்காமல் வலப்பக்க சீட்டைக் காட்டினான்!

இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை, நாலு நாளாக ஜன்னலுக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தது. “கோ சார்... ஸ்டாப் சார்... லாரி சார்...” இதுதான் வேலை. பெரணமல்லூரில் மாட்டுவண்டிக்காரன் ஒருவன் அவரை அம்மா வரைக்கும் திட்டினான். தெள்ளாரில் ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றினாள். தேசூர் ஏரிக்கரையில் வாத்து மேய்த்தவன் கழியை ஓங்கிக்கொண்டு வந்தான். எல்லாம் வலப்பக்கத்து ஜன்னலுக்கு. ஓட்டுகிறவன் அந்தப் பக்கம் சீட்டி அடித்துக்கொண்டிருந்தான்.

அந்த வண்டி குடிக்கிற பெட்ரோலை நினைத்தாலே தணிகாசலத்துக்குத் தலை சுற்றும். எட்டு சிலிண்டர். ஆரணிச் சந்துகளில் திரும்புவதற்கு நாலு தடவை முன்னும் பின்னும் போகவேண்டும். ஒரு காருக்கு எதற்கு இத்தனை திமிர் என்று அவர் கேட்ட போதெல்லாம், “ஆக்ஸிலரேட்டரில் காலை வைத்துப் பார்த்தால் கேட்க மாட்டாய்” என்று சிரித்தானே தவிர, ஒரு தடவையாவது காலை வைக்க விட்டானா?

இப்போது கென்னத் எழுந்து நின்று, ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னான்: “நான்தான் ஓட்டினேன். தவறு என்னுடையது.”

ரங்கசாமி உருகிப்போனார்.

“பாத்தியாய்யா? உன் தப்பைத் தன் தலைமேல போட்டுக்கிறாரு. இந்த மாதிரி முதலாளி கிடைக்க நீ குடுத்துவெச்சிருக்கணும்.”

சோடா வாங்கி வந்தவர் நெகிழ்ந்துபோய்த் தலையை ஆட்டினார். “தொரைன்னா தொரைதாம்பா. நம்ப ஆளா இருந்தா இந்நேரம் டிரைவரைக் காட்டிக் குடுத்திருப்பான்.”

“அடப்பாவிங்களா!” தணிகாசலம் மேசையில் ஓங்கி அடித்தார். “அவரு பெருந்தன்மையில சொல்லல சார். நெஜத்தைச் சொல்றாரு! நான் சொன்னா பொய்யி, அவரு சொன்னா பெருந்தன்மை. அப்ப நெஜத்தை யாருதான் சார் சொல்லணும்? அந்தக் காரே வந்து சொல்லணுமா?”

“மேசையைத் தட்டாதே. பொம்பளைக்கு அடிபட்டிருக்கு. லைசென்ஸை எடு. பேட்ஜையும் கழட்டு.”

சட்டைப் பையில் குத்தியிருந்த பித்தளை பேட்ஜைக் கழற்றி, லைசென்ஸோடு மேசைமேல் வைத்தார் தணிகாசலம். அவருக்கு வேறு தொழில் தெரியாது. லைசென்ஸில் இப்படி ஒன்றை எழுதிவிட்டால் அப்புறம் ஆரணியில் எவன் ஏறுவான் அவர் வண்டியில்? இருபத்திரண்டு வருஷ மானம் ஒரு காகிதத் துண்டாக மேசைமேல் கிடந்தது.

ரங்கசாமி எழுதப் பேனாவைத் திறந்தார். ஆனால் தணிகாசலத்திடம் தான் கேட்ட கேள்வி அவர் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்திருக்க வேண்டும். எழுதாமல் கென்னத்தின் பக்கம் திரும்பினார்.

“சார், நிஜமாவே அது அமெரிக்கக் காரா? நீங்கள் ஏன்...?”

கென்னத்தின் முகத்தில் விளக்கேற்றின மாதிரி ஆயிற்று. ஆரம்பித்துவிட்டான். அவன் ஊருக்குப் பக்கத்தில் ஓர் அமெரிக்க விமானத் தளம். அங்கிருந்த சிப்பாய்கள் கப்பலில் தங்கள் கார்களைக் கொண்டு வருவார்கள். பள்ளிக்கூடத்துப் பையன்கள் வேலியோரம் நின்று பார்ப்பார்கள். அவன் அப்பா முப்பது வருஷம் சின்னச் சின்னக் கார்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எங்கள் கார்கள் நல்லவை, சிக்கனமானவை, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தெருவில் போகும் என்றான். எங்கள் ரோடு இதைவிடக் குறுகல், பெட்ரோல் யானை விலை, மழை வேறு, இந்தக் காரை நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. ஸ்டியரிங் தப்பான பக்கம் இருக்கும். ஒன்றுகூடப் பொருந்தாது. அப்படியும் இதை வாங்கக் கடன்படுகிற ஆட்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியாது. அவர்கள் பெண்டாட்டிகளும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டார்கள்!

ரங்கசாமி பேனாவை மூடிவிட்டு வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். தணிகாசலத்தின் லைசென்ஸ்மேல் ஈ ஒன்று உட்கார்ந்து கால் தேய்த்தது.

“வண்டியப் பார்த்துட்டே எழுதலாம்,” என்று லைசென்ஸையும் பேட்ஜையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார் சப்-இன்ஸ்பெக்டர்.

தெருவில் அதற்குள் அறுந்த பாவை வாரி ஓரத்தில் போட்டிருந்தார்கள். சக்கரத்தில் சுற்றியதை லோகநாதனின் தம்பி அரிவாளால் அறுத்து எடுத்துவிட்டிருந்தான். ரங்கசாமி வலப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். எதிரே ஸ்டியரிங் இல்லை. ஒரு சின்னப் பெட்டியின் மூடிதான் இருந்தது. கீழே காலால் துழாவினார். பிரேக்கும் இல்லை.

“ம்,” என்றார். அவ்வளவுதான்.

அந்த ‘ம்’ தணிகாசலத்துக்குப் போதவில்லை. “உரக்கச் சொல்லுங்க சார். எல்லாருக்கும் கேக்கட்டும்.”

ஆனால் கென்னத் இடப்பக்கம் ஏறிச் சாவியைத் திருப்பிவிட்டான். தெருவோரத்து நாய்கள் ஓட்டம் பிடித்தன. ரங்கசாமியின் மீசை ஒரு தடவை துடித்தது. “விசாரணைக்காக... ஏரிக்கரை வரைக்கும் ஒரு ரவுண்டு,” என்றார் யாரையும் பார்க்காமல்.

கார் பின்னால் நகர்ந்து, பெரிய ரோட்டைப் பிடித்து, மறைந்தது. கேஸ் ஏரிக்கரைக்குப் போய்விட்டது! பேட்ஜ் இல்லாத சட்டையோடு, தன் பாவைத் தானே அறுத்துவிட்டவரைப் போலத் தெருவில் நின்றார் தணிகாசலம்.

கால் மணி கழித்துக் கார் திரும்பி, தெருமுனையில் வளைந்தது. வலப்பக்க ஜன்னலிலிருந்து காக்கிக் கை ஒன்று நீண்டு, அழகாகச் சிக்னல் காட்டியது. தெருவே கைதட்டியது.

“டேய், எஸ்.ஐ. ஓட்டறாரு டோய்!”

“இன்னாமா ஓட்டறாரு பாரு! தணிகாசலம் இவர்கிட்ட ட்ரெயினிங் எடுக்கணும்பா!”

தணிகாசலம் பாய்ந்து கார் முன்னால் போய் நின்றார். “கேட்டீங்களா சார்? இப்ப யார் ஓட்டினது? இந்த ஏழெட்டு சாட்சியும் நீங்கதான்னு சத்தியம் பண்ணும். எழுதிக்குங்க, உங்க லைசென்ஸை எடுத்து மேசைமேல வையுங்க!”

கைதட்டல் பட்டென்று நின்றது. கூட்டத்தினர் குனிந்து, முதல் தடவையாக, காரின் உள்ளே பார்த்தார்கள். சோடா வாங்கி வந்தவர் இடப்பக்கம் போய் ஸ்டியரிங்கைத் தொட்டே பார்த்தார். “அட, ஆமாம்பா,” என்றார்.

ரங்கசாமியின் முகம் சிவந்தது. வண்டியை விட்டு இறங்கி, சட்டைப் பையிலிருந்த லைசென்ஸையும் பேட்ஜையும் எடுத்துத் தணிகாசலத்தின் கையில் வைத்தார். கேஸ் கென்னத்தின் பேரில் எழுதப்பட்டது. அவன் மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டான். பாவுக்கும் முழங்கைக்கும் ஆகவேண்டியதைத் தான் செய்வதாகச் சொல்லி, ஜெயத்தின் எதிரே நின்று தலை குனிந்தான். போகும்போது தணிகாசலத்தை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டான்.

தணிகாசலம் பேட்ஜைக் குத்திக்கொண்டு, தெருவைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார்.

“இருபத்திரெண்டு வருஷம்! ஒரு கோழிக்குஞ்சு என் வண்டில அடிபட்டதில்ல. என்னைப் போயி சட்டையைப் பிடிச்சு இழுத்துகினு போனீங்களே, ஒருத்தனுக்காவது கேக்கணும்னு தோணிச்சா? யோவ் லோகநாதா, உனக்குக் கூடவா?”

லோகநாதன் தலையைச் சொறிந்தான். “மன்னிச்சுடு தணிகாசலம். தப்புதான்.”

ஜெயம் மட்டும் நகரவில்லை. முழங்கையில் மஞ்சளை அப்பிக்கொண்டு, அறுந்த இழைகளை மடியில் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிர்ந்தாள்.

“நீ ஓட்டலண்ணா. ஒத்துக்கறோம். தொரைக்கு நம்ம தெரு வழக்கம் தெரியாது, அதையும் ஒத்துக்கறேன். நீ இந்த ஊர்ல பொறந்தவன்தானே? தெரு மொனையில திரும்பும்போதே பாவு கட்டினது உன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும். கோ, ஸ்டாப்புன்னு சொல்றதுதானே உன் வேலை? ஸ்டாப்புன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாயில்லையா?”

தணிகாசலம் திரும்பி, இடப்பக்கம் உட்கார்ந்திருந்த கென்னத்தைப் பார்த்தார். அவன் கண்ணாடி வழியாக வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

“சொல்லுண்ணா.”

“ஸ்டாப்புன்னு சொல்லத்தாம்மா வாயைத் தொறந்தேன்,” என்றார் தணிகாசலம், குரல் உள்ளே போய். “‘இன்னும் கொஞ்சம் அழுத்துங்க சார்’னு வந்துடுச்சு.”