டிராக் பாடியவன் குரல்

பாட்டு வெளியாவதற்கு முந்தின நாள் ரெக்கார்டிஸ்ட் தன் மகனின் குரலை அழித்தார். அதில் பாவம் புண்ணியம் ஒன்றுமில்லை, அவருடைய வேலையே அதுதான். பெரிய பாடகி வரும்வரை அவருடைய வரிகளை வேறு யாராவது பாடி வைப்பார்கள். அதற்கு டிராக் என்று பெயர். பாடகி வந்து பாடிவிட்டுப் போனதும் டிராக்கைத் துடைத்துவிட வேண்டும். இந்தக் காதல் பாட்டில் பெண்ணின் வரிகளுக்கு டிராக் பாடியிருந்தவன் மகன். அப்போது அப்பாவும் பிள்ளையும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கீபோர்டு வாசிக்கிறானே, அவனை எனக்குப் பிடிச்சிருக்குப்பா. நாங்க சேர்ந்து வாழப்போறோம்" என்று மகன் சொன்னான். மனுஷன் ஆடித் தீர்த்துவிட்டார். "இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே, உன் சத்தமே எனக்குக் கேக்கக் கூடாது!" மகன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். ஏனோ ஒன்றும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆறு வாரமாகிறது.

அழித்தபின் பாட்டை இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். பாடகியின் குரல் சுத்தமாக இருந்தது. அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை ஸ்டுடியோ வாசலில் இருக்கும் டீக்கடையில் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆண் குரல் கேள்வி கேட்க, பாடகியின் இடத்தில் அவர் மகன் பதில் பாடினான்.

"மூச்சுக்குள்ள இடமிருக்கு, என்னவனே, வந்து தங்கு..."

உள்ளே ஓடி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். பாடகிதான் பாடினார். வெளியே வந்தார். மகன் பாடினான். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இசையமைப்பாளர் போனில் குதித்தார். "யோவ், டிராக்கை அழின்னு படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா?" சாயங்காலம் அதே வாய், "பாட்டு எங்கேயோ போயிடுச்சுய்யா! ரெண்டு ஆம்பளைங்க குரல் என் ஐடியான்னு பேட்டி குடுத்துட்டேன், நீ கம்முனு இரு" என்றது. பெரிய மனிதர்கள் இப்படித்தான்.

சும்மா சொல்லக்கூடாது, பாட்டு ஊரைப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் கேட்டது, சலூனில் கேட்டது. ரெக்கார்டிஸ்ட் நடந்தால் பின்னாலேயே வந்தது. டீக்கடையில் ஒருவர், "ரெண்டும் ஆம்பளக் குரலா இருக்கே?" என்று இழுத்தார்.

"இருந்துட்டுப் போகட்டுமே," என்றார் பெரிய மீசை வைத்த டீக்கடைக்காரர். "எவ்வளவு ஆசையா கூப்பிடுறான் பாரு. உன் பொண்டாட்டி உன்னை ஒரு நாளாவது இப்படிக் கூப்பிட்டிருக்காளா?"

கடையே சிரித்தது. ரெக்கார்டிஸ்டுக்கு மட்டும் டீ இறங்கவில்லை. ஊரே இவ்வளவு சுலபமாகத் தலையாட்டுகிற விஷயத்துக்கா பெற்ற பிள்ளையைத் துரத்தினோம் என்று நினைத்தார். அவமானமாக இருந்தது.

வீட்டில் மனைவி ஜாடையாகப் பேசுகிற ரகமில்லை. "நம்ம புள்ள குரலு எனக்குத் தெரியாதா? உங்க வீம்பை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க. நான் போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கிறான். மெசேஜ் மட்டும்தான் போடுறான். எனக்கு என்னவோ பயமா இருக்கு."

அடுத்த நாள் மதியம் ஸ்டுடியோவில் அவர் தனியாக இருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பாடுகிற அறை காலி. ஒரு மைக், ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். மைக்கைச் சோதிக்க ஹெட்போனை மாட்டியவருக்கு மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

சத்தத்தின் அளவைக் காட்டும் மீட்டரைப் பார்த்தார். முள் அசையவில்லை. அறையைப் பார்த்தார். ஆளில்லை. மூச்சு மட்டும் நிதானமாக வந்துகொண்டிருந்தது. பிறகு யாரோ இரண்டு முறை தொண்டையைச் செருமினார்கள். பாடுவதற்கு முன் அவர் மகன்தான் அப்படிச் செருமுவான், சின்ன வயதிலிருந்தே. மைக்கின் ஒயரைப் பிடுங்கினார். அப்போதும் கேட்டது.

ஹெட்போனை ஒரு காதிலிருந்து ஒதுக்கிவிட்டு மகனுக்குப் போன் போட்டார். எடுத்தது கீபோர்டுக்காரன்.

"அவன்கிட்ட குடு."

"அவனால பேச முடியாது சார். உங்க வீட்டை விட்டு வந்த அன்னியிலேர்ந்து சத்தமே வரலை. தொண்டையில ஒண்ணுமில்லைன்னு மூணு டாக்டர் சொல்லிட்டாங்க. வாயைத் திறக்கிறான், வெறும் காத்துதான் வருது. இனிமே பாடவே முடியாதோன்னு ராத்திரியெல்லாம் அழுறான் சார்."

ரெக்கார்டிஸ்டுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. உன் சத்தமே கேட்கக் கூடாது என்று சொன்னது அவர் வாய்தானே!

"அவனை வீட்டுக்கு வரச் சொல்லுப்பா."

ஹெட்போனில் மூச்சு நின்றுபோனது. கீபோர்டுக்காரன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அவனை மட்டுமா சார்?"

பொய் சொல்லித் தப்பிக்க முடியாத கேள்வி. காலி ஸ்டூலைப் பார்த்தபடி நின்றார். பிள்ளை வேண்டும், ஆனால் பாதிப் பிள்ளை போதும் என்று எந்த முகத்தோடு சொல்வது?

"ரெண்டு பேரும் வாங்க," என்றார். "நீயும்தான். அது உன் வீடும்தாம்ப்பா. சார் மோரெல்லாம் வேண்டாம், மாமான்னு கூப்பிடு."

போனுக்குள் ஏதோ தட்டிவிழுந்தது. பிறகு கரகரவென்று, ஆறு வாரத்துத் துருவோடு ஒரு குரல். "அப்பா..."

அவர் அழுதுவிட்டார். ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு, போனைக் காதோடு அழுத்தியபடி தெருவுக்கு வந்தார்.

டீக்கடை ஸ்பீக்கரில் அதே பாட்டு. ஆண் குரல் கேட்டு முடித்தது. பதில் வரவேண்டிய இடத்தில் மகனும் இல்லை, பாடகியும் இல்லை. தாளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. கையில் டம்ளரோடு நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது டீக்கடைக்காரர், பாலை ஆற்றிக்கொண்டே, கட்டைக் குரலில் ஆரம்பித்தார். "மூச்சுக்குள்ள இடமிருக்கு, என்னவனே..." சலூன்காரர் வாசலுக்கு வந்து சேர்ந்துகொண்டார். பஸ்ஸுக்கு நின்ற ஆண்கள், மூட்டை தூக்குகிறவர்கள், ஒருத்தர் விடாமல் பாடினார்கள். யாருக்கும் சுருதி சேரவில்லை. யாரும் வெட்கப்படவில்லை.

"அப்பா, யாரு பாடுறது?"

ரெக்கார்டிஸ்ட் மைக் பிடிப்பதுபோல் போனை அவர்கள் பக்கம் நீட்டிப் பிடித்தார்.